நனையாத பூட்ஸ்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்குச் சளி, அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டும் புதிதல்ல என்பதால் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். உன் வயிற்றெரிச்சல் தேவலையா? உன் மனைவி நேரத்துக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாலும் நீ நேரத்துக்கு வந்து உட்கார மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பேப்பரில் பார்த்தேன். பெரிய போரின் வரலாற்றைத் திருத்தி எழுதும் குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்களாம். அந்தப் புத்தகம்தான் இனிப் பள்ளிக்கூடங்களுக்கும் போகுமாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த வரி இருக்குமா, போயிடுமா?"

எந்த வரி என்று நீ கேட்க மாட்டாய். 'பாலக் காவலன் ஒருவன் தூக்குப் பாலத்தை எதிரிக்கு இறக்கிவிட்டதால் நகரம் ஒரே இரவில் வீழ்ந்தது.' அதில் அப்பாவின் பெயர்கூடக் கிடையாது. ஆனால் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அன்று எனக்குப் பத்து வயது, உனக்கு ஆறு. பாலத்து வேலைக்குப் போன மனுஷன் திரும்பவே இல்லை. இருக்கிறாரா போய்விட்டாரா என்று விசாரிக்கக்கூட நம் வீட்டுப் படியை ஒருத்தரும் மிதிக்கவில்லை. துரோகி வீட்டுக்கு யார் வருவார்கள்?

அம்மாவுக்கு எண்பத்திரண்டு ஆகிறது. அவள் காதால் அந்த வரி போய்விட்டது என்று கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. நேராகப் பதில் எழுது. உன் வழக்கப்படி கீழே ஏழெட்டு அடிக்குறிப்பு போடாதே.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வயிறு பரவாயில்லை, மருந்து சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் சளிக்கு நீ எப்படியும் எதுவும் செய்துகொள்ள மாட்டாய்.

நேராகவே எழுதுகிறேன். அந்த வரி இருக்கும்.

அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனேன். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார், அவர் தமக்கு முந்தையவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. நம் ஊரைக் காக்க வேண்டிய தளபதி போரின்போதே பரப்பிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு சுயசரிதையிலும் எழுதிவைத்த கதை. ஒரே இரவில் ஊரைக் கோட்டைவிட்ட மனிதருக்குப் பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு.

சிக்கல் என்னவென்றால், எதிரி நாட்டு வரலாறும் அதையேதான் சொல்கிறது. 'நமது கவசப் படை பாலத்தின்மீது அணிவகுத்து நகருக்குள் நுழைந்தது' என்று எழுதி, பாலத்தின்மேல் டாங்கிகள் நிற்கும் புகைப்படமும் போட்டிருக்கிறார்கள். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியரைத்தான் உனக்குத் தெரியுமே. சட்டையிலும் சரி, வாக்கியத்திலும் சரி, ஒரு சுருக்கம் இருக்காது என்று நீ 'இஸ்திரி' என்று பெயர் வைத்தாய். அவர் கேட்கிறார்: "அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இதுக்கு மேல என்னய்யா ஆதாரம் வேணும்?"

நான் அந்தக் காவலரின் மகன் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். அதனால் அந்த வரியில் நான் கை வைக்க முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. அப்பா அப்படிச் செய்கிறவர் இல்லை என்று அம்மா சொல்வதை எழுதி அனுப்பட்டுமா என்று கேட்காதே. மனைவியின் சொல்லை எந்தக் குழுவும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் பிப்ரவரி முடிவதற்குள் புதிய சாட்சியம் வந்தால் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை என்பதாவது உனக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அடிக்குறிப்புக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது. அம்மா ஒத்தடம் வேண்டாம் என்கிறாள், சூடு தாங்கவில்லையாம். நீங்கள் எல்லாரும் சௌக்கியம்தானே?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மனைவியின் சொல் சாட்சியாகாது என்ற இடம் வந்ததும், "ஆமா, கூட இருந்து சோறு போட்டவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உங்கள் வரலாற்றுப் புத்தகங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் யாருக்கும் பசிக்காது. 'படைகள் முன்னேறின' என்று எழுதிவிடுவீர்கள். முன்னேறினவன் காலில் கொப்புளம் வந்ததா என்று சொல்ல மாட்டீர்கள். வரைபடத்தில் ஓர் அம்புக்குறி ஆற்றைத் தாண்டிப் போகும். அம்புக்குறிக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. சரி, என் உளவு நாவல்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. என் உளவாளிகள் அத்தியாயம் அத்தியாயமாக மழையில் நிற்பார்கள், ஒருத்தனுக்கும் தும்மல் வராது. சட்டையில் ரத்தம் பட்டால் அடுத்த பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வந்து நிற்பான். யார் துவைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்களும் நானும் ஒரே கட்சி. தோற்றதற்குக் காரணம் சொல்ல உங்களுக்கு ஒரு துரோகி வேண்டும். புத்தகம் விற்க எனக்கு ஒரு துரோகி வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஊரையே புரட்டி எழுதினாலும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நான் போன நாவலில் ரயில் இஞ்சினுக்குச் சக்கரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற இஞ்சின் டிரைவர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டு என் மானத்தை வாங்கிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திட்டினார்.

புது நாவல் ஆரம்பித்திருக்கிறேன். பெரிய போர்தான். நம் ஊர், ஆறு, பாலம் எல்லாம் வருகிறது. எதிரி நாட்டு மொழியிலும் அதே நேரத்தில் வர வேண்டும் என்று பதிப்பாளரிடம் அடம்பிடித்து ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 30

அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் உடல்நிலையைத் தெரிவிக்கவும்.

உன் நாவல் வந்தது. படித்தேன். பாலக் காவலன் லாந்தர் விளக்கை ஆட்டுகிறான். பாலம் இறங்குகிறது. எதிரிப் படை 'பூட்ஸ்கூட நனையாமல்' ஊருக்குள் நடந்து வருகிறது. காவலனுக்கு அப்பாவின் மீசையையே ஒட்டவைத்திருக்கிறாய். அவர் காது மடலில் இருந்த மச்சத்தைக்கூட விடவில்லை.

அந்தத் தளபதி பொய் எழுதினார், அவருக்குத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உனக்கு என்ன வந்தது? வரலாற்றில் இருப்பது ஒரு வரி. நீ முப்பது பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் இரண்டு மொழியில்.

இதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா?

இனி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நான் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் அது உடம்பில் இல்லை.

உன் கோபம் நியாயம். விளக்கம் கேட்காதே, சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் இப்போது சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். எழுதுவதற்கு முன்பே அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். அந்த முப்பது பக்கத்தை எழுதி முடித்த அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாதான் வந்து, "அழுதது போதும், பிழை திருத்து" என்றாள்.

பிப்ரவரி வரைக்கும் என்னைப் பொறுத்துக்கொள். முடியாவிட்டால் திட்டி ஒரு கடிதமாவது போடு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

வயிற்றைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் இரண்டு கடிதம் போட்டும் இவர் பதில் எழுதவில்லை. நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எனக்கொன்றும் பயமில்லை.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் நாவலைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் அறைக்குள் போனால் ஒளித்துவைக்கிறார், ஏதோ கெட்ட புத்தகம் படிக்கிற பையன் மாதிரி. எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் பென்சிலால் 'தவறு', 'தவறு' என்று எழுதியிருக்கிறார். என் மாமனாரைப் பற்றிய பக்கங்களில் மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. அந்தத் தாள்கள் கசங்கியிருக்கின்றன.

போன மாதம் குழுக் கூட்டத்தில் இஸ்திரி உங்கள் நாவலை மேசைமேல் வைத்து, "சொந்த மகளே ஒத்துக்கிட்டாங்க, இனிமே என்ன பேச்சு?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். இவர் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் சொன்னார். ராஜினாமா எழுதி வைத்திருக்கிறார். நான் கிழித்துப் போடுகிறேன், அவர் திரும்ப எழுதுகிறார்.

உங்கள் மனதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் காரணமில்லாமல் ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை. எதுவாக இருந்தாலும் சீக்கிரம் முடியுங்கள் அண்ணி. கிழிக்க எனக்குக் கை வலிக்கிறது.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

உங்கள் தம்பி மனைவி

*

டிசம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன்னைப் பற்றி உன் மனைவி எழுதினாள், அவளைத் திட்டாதே. மாடிப்படியில் நீ உட்கார்ந்திருந்ததைப் படித்த அன்று, இந்த நாவலை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போது உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

நேற்றுக் காலை வாசலில் மணி அடித்தது. அறுபது தாண்டிய ஒரு பெரியவர், கூடவே அவர் மனைவி. அவர் கக்கத்தில் என் நாவலின் எதிரி நாட்டுப் பதிப்பு. போர்க்காலத்தில் இரண்டு வருடம் இங்கே இருந்து, சந்தையில் பேரம் பேசியே நம் மொழியைக் கற்றுக்கொண்டாராம்.

"நீங்கதானே இதை எழுதினது?"

"ஆமா. உள்ள வாங்க."

"உள்ள வர்றது இருக்கட்டும். பூட்ஸ்கூட நனையாம வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, யாரு வந்தாங்க? நானா?"

அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவர் ஒரு கதை சொல்லுவார். ஆத்துல படகுல வந்தேன், குளிர்ல செத்தேன்னு. உங்க நாவலைப் படிச்சிட்டு, 'ஏங்க, பாலத்து மேல ஜம்முனு நடந்து வந்துட்டு எங்கிட்ட இத்தனை வருஷமா கதை விட்டீங்களா'ன்னு கேட்டுட்டேன். அதுல இருந்து மனுஷன் சரியா தூங்கல. நேர்ல போய்க் கேக்கணும்னு கிளம்பிட்டார்."

காபி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாவல் வந்த நாளிலிருந்து இந்த மணிச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன்.

அவர் படகுப் பிரிவில் சிப்பாய். அன்றிரவு பாலம் தூக்கியபடியே நின்றதாம். டாங்கிகள் அக்கரையில் மாட்டிக்கொண்டன. அதனால் காலாட்படையை மட்டும் படகில் அனுப்பினார்கள். "கரை ஏறினப்போ உங்க படையில ஒரு ஆள் இல்ல. எல்லாரும் சாயங்காலமே ஓடிட்டாங்க. பாலத்துக் கேபின்ல ஒரே ஒருத்தர் நின்னுட்டிருந்தார். எங்க கேப்டன், பாலத்தை இறக்குன்னான். முடியாதுன்னார். சக்கரத்தைச் சுத்துற கைப்பிடி எங்கன்னு கேட்டான். 'ஆத்துல போட்டுட்டேன். வேணும்னா முங்கித் தேடிக்கோ'ன்னார். கேப்டன் எங்களைத் தண்ணிக்குள்ள இறக்கிவிட்டான். விடியிற வரைக்கும் முங்கினேன். இன்னைக்கும் ஈரக்காத்து பட்டா எனக்குக் காது வலிக்கும்."

"அப்ப அந்த போட்டோ?"

"அது பத்து நாள் கழிச்சு எடுத்தது. அதுவரைக்கும் ஊர்க்காரங்க ஒருத்தரையும் ஆத்துப் பக்கம் நாங்க விடல. வேற கைப்பிடி பண்ணிக் கொண்டுவந்து மாட்டி, பாலத்தை இறக்கி, டாங்கியை ஏத்தி எடுத்தாங்க. எங்க தளபதிக்குப் படகுல வந்தோம்னு சொல்ல வெக்கம்."

"உங்க வரலாறும் இப்படித்தானே எழுதியிருக்கு? அப்ப ஏன் நீங்க எதுவும் சொல்லல?"

"அதை எங்க வீட்டுல யாருங்க படிச்சா? இதை என் பொண்டாட்டி படிச்சிட்டா."

அப்போது அம்மா உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தக் கேபின்ல நின்னவர் என் வீட்டுக்காரர்" என்றாள்.

அவருக்கு அதுவரை தெரியாது. கோபமெல்லாம் எங்கே போனதோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னார். அப்பாவைக் கைதியாக அக்கரைக்கு ஏற்றிப் போனது இவர் படகில்தானாம். கையைக் கட்டியிருந்தார்களாம். நடு ஆற்றில் அப்பா இவரைப் பார்த்து, "தம்பி, துடுப்பை அப்படிப் பிடிக்காத. இங்க சுழல் இழுக்கும், இடது பக்கமா ஒதுக்கிப் போ" என்றாராம். சொன்னபடி செய்ததால் படகு தப்பியதாம். அந்தக் குளிர்காலத்திலேயே கைதி முகாமில் காய்ச்சலில் போய்விட்டார். முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போனதும் இவர் படகுதான் என்பதால் புதைத்த இடம் இவருக்குத் தெரியும். அம்மா, "தனியாவா இருந்தார்?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, கூட இரண்டு பேர் இருந்தார்கள் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். அந்த அம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

இனி விளக்கம் சொல்லலாம். உண்மை தெரிந்தவர்கள் அக்கரையில்தான் இருக்க முடியும் என்று உன் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. வாருங்கள், சாட்சி சொல்லுங்கள் என்றால் யார் வருவார்கள்? ஆனால் தான் பட்ட கஷ்டத்தை ஒருத்தி இல்லை என்று எழுதினால், எந்தச் சிப்பாய்க்கும் பொறுக்காது. வேண்டுமென்றேதான் அந்தப் பூட்ஸை நனையாமல் வைத்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அடுத்த கூட்டத்திலேயே எழுந்து, என் அக்கா இப்படி ஒரு தூண்டில் போட்டிருக்கிறாள் என்று சொல்லித் தொலைத்திருப்பாய். பிறகு யார் வந்தாலும் நீ ஏற்பாடு செய்த ஆள் என்பார்கள். உனக்குத் தெரியாமல் இருந்ததுதான் உனக்குக் காப்பு.

இப்போது திட்டு.

அக்கா

*

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். அலுவலகத்தில். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜினாமாவை இந்த முறை நானே கிழித்தேன். உன் தம்பி மனைவிக்கு ஏக சந்தோஷம், கை வலி போய்விட்டதாம். வயிறும் இப்போது நன்றாக இருக்கிறது. அம்மாவின் பக்கத்தில் இப்போது நான் இருந்திருக்க வேண்டும்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் துடுப்பைப் பற்றி அப்பா சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் குரல் எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. இப்போது என்னவோ கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் இது போதாது. கோபித்துக்கொள்ளாதே. வந்தவர் எதிரி நாட்டுக்காரர், தனியாள், போதாததற்கு உன் வீட்டில் காபி குடித்தவர். இஸ்திரி இவரை நான்காக மடித்து ஓரத்தில் வைத்துவிடுவார். படகுப் பிரிவில் உயிரோடு இருக்கும் மற்றவர்களையும் அவர் அழைத்து வர வேண்டும். முக்கியமாக அந்தக் கைப்பிடி வேண்டும். ஆற்றில் போட்டது உண்மையானால் அது அங்கேதான் சேற்றில் கிடக்கும். மனிதர்களைச் சந்தேகப்படலாம், இரும்பைச் சந்தேகப்பட முடியாது. துறைமுக முக்குளிப்பவர்களை அனுப்பச் சொல்லிக் குழுவுக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். பழைய சக்கரம் கேபினில் இன்னும் இருக்கிறது, பொருத்திப் பார்த்துவிடலாம். இஸ்திரியே நேரில் வருகிறார். நான் வரக் கூடாது, வரவும் மாட்டேன்.

அம்மாவிடம், மனைவியின் சொல்லைப் பற்றி நான் எழுதியதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்.

தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

ஆற்றங்கரையில் பகல் முழுக்க நின்றதில் எனக்குத் திரும்பவும் சளி. அம்மாவையும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் நலம்தானே?

படகுக்காரர் தன் சேக்காளிகள் இரண்டு பேரோடு வந்திருந்தார். இஸ்திரி மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், படகில் யார் வாந்தி எடுத்தது என்பதில் மட்டும் சண்டை. பிறகு முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். மேற்குப்பக்க ஜன்னலுக்கு நேர் கீழே என்று படகுக்காரர் காட்டினார். தேடினார்கள், தேடினார்கள். ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது, ஒரு வாளி கிடைத்தது. சாப்பாட்டு நேரமும் தாண்டியது. இஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கரையில் கூடியிருந்தவர்களில் ஒருத்தன், "இல்லாததைத் தேடினா எங்க கிடைக்கும்" என்றான். அம்மா அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகுக்காரரிடம் போய்க் கேட்டேன். "இந்த இடம்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அவரேதான். இந்த ஜன்னல் வழியாத்தான் போட்டேன்னு கையைக் காட்டினார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் உளவாளிகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். "ஐயா, உங்க கையில சிக்கக் கூடாதுன்னு ஆத்துல போட்டவரு, நீங்க கேட்டதும் சரியான இடத்தைக் காட்டுவாரா? எதிர்ப்பக்க ஜன்னலுக்குக் கீழ தேடச் சொல்லுங்க."

"இது உங்க நாவல் இல்லம்மா" என்றார் இஸ்திரி.

"தெரியும் ஐயா. நாவலா இருந்தா முதல் முக்குலயே கிடைச்சிருக்கும்."

எதிர்ப்பக்கம் இறங்கினார்கள். இரண்டாம் முறை முங்கியவர் வெளியே வரும்போது கை நீளத்துக்கு ஓர் இரும்பைப் பிடித்திருந்தார். சேறும் துருவுமாக இருந்தது. இஸ்திரி யாரிடமும் கொடுக்கவில்லை, தானே வாங்கிக்கொண்டு கேபின் படியேறினார். கழுவித் துருவைச் சுரண்டி, பழைய சக்கரத்தில் வைத்து அழுத்தினார். கடக்கென்று போய் உட்கார்ந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை நெஞ்சுவரைக்கும் சேறு. அவர் துடைக்கவில்லை.

படகுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி மனுஷா, விடிய விடிய என்னைத் தப்பான பக்கம் முங்க வச்சியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மற்ற இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள் தம்பி. வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரியச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்பா இதேபோல் அவளையும் எத்தனையோ தடவை ஏமாற்றியிருக்கிறாராம்.

'எங்க கிடைக்கும்' என்று கேட்ட அந்த ஆளைக் கூட்டத்தில் தேடினேன். காணோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறோம். இனி உன் கையில் இருக்கிறது. உன் கையில் இல்லை என்று எழுதாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அக்கா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவும் நீயும் இதைப் படிக்கும்போது நலமாக இருக்க வேண்டும். சளி என்ற சாக்கு வேண்டாம்.

நேற்றுக் கூட்டம். இஸ்திரி பேச எழுந்தார். "போன தடவை இந்த மேசைல ஒரு நாவலை வச்சு நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க முடியாது. வரியைத் திருப்பி வாங்கலாம்" என்றார். பழைய வரியை நீக்க ஓட்டு எடுத்தார்கள். நான் வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் கை தூக்கியது அவர்தான். ஒரு கைகூடத் தாழ்ந்து இருக்கவில்லை.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "எழுதுய்யா" என்றார். நான் மகன், எழுதக் கூடாது என்றேன். "ஆதாரம் மேசைமேல இருக்கு. ஓட்டு முடிஞ்சிருச்சு. இந்த அறையில வாக்கியத்தை ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். எழுது" என்றார். எழுதி எழுதி அடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. பாலம் இறங்காததால் டாங்கிகள் பத்து நாள் வர முடியவில்லை. படகில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊரின் பின் சாலையை அடைக்க அவர்களிடம் ஆள் போதவில்லை. அந்தப் பத்து நாளில்தான் ஊரில் பாதிப் பேர் குழந்தை குட்டிகளோடு வெளியேறினார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தச் சாலையில்தான் நடந்தேன். பிறகு நம்மைத் துரோகி பிள்ளைகள் என்றவர்களும் நமக்கு முன்னும் பின்னுமாக நடந்தார்கள்.

அச்சுப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. அம்மாவுக்கு நீயே படித்துக் காட்டு. நான் படித்தால் பாதியில் நின்றுவிடும்.

ஜெயித்துவிட்டோம் அக்கா.

தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நன்றாக இருக்கிறோம், உண்மையாகவே. என் நாவலின் அடுத்த பதிப்பில் பாலம் தூக்கியபடியே நிற்கும். பூட்ஸ் தொப்பலாக நனையும். பதிப்பாளர் ஒத்துக்கொண்டார்.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. அம்மா படுக்கையில் சாய்ந்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 'காவல் படை நகரை விட்டு வெளியேறிய பின்னரும் அன்றிரவு பாலம் இறங்கவில்லை.' அடுத்து அப்பாவின் பெயர். 'பாலக் காவலரான இவர் தனியொருவராக நின்று, பாலத்தை இயக்கும் கைப்பிடியை ஆற்றில் எறிந்து, எதிரியின் கவசப் படையைப் பத்து நாள் அக்கரையிலேயே நிறுத்திவைத்தார். நகர மக்களில் பாதிப் பேர் உயிர் தப்பியது இதனால்தான்.'

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"இப்படியா படிக்கிறது? சத்தமாப் படி."

"காது கேக்கலையாம்மா?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. தெருவுக்குக் கேக்கணும்."

வாசல் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, நின்றுகொண்டு படித்தேன்.

அக்கா